வாய் திறக்காதவரும் வாய் மூடாதவரும்

ஒருவரைப் பேசச் சொன்னார்கள். அடித்தார்கள், நகத்தைப் பிடுங்கினார்கள், பெற்ற பிள்ளையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. இன்னொருவரைப் பேசாதே என்றார்கள். கைது செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க வைத்தார்கள். அவர் வாய் மூடவில்லை. முதலாமவர் சிபில் கார்த்திகேசு. இரண்டாமவர் ஐரின் பெர்னாண்டஸ். இருவரும் நம் மலேசிய மண்ணில் வாழ்ந்த கத்தோலிக்கப் பெண்கள். சிபில் கண்மூடிய 1948-இல் ஐரினுக்கு இரண்டே வயது.

இவர்களைத் தனித்தனியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான், விசுவாசம் ஒரு மனிதரைச் செயலுக்கு எப்படித் தள்ளுகிறது என்பது எனக்குத் துலங்குகிறது. கோவிலில் துணிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் குணமாகவே பேசுவார்கள். சிலருக்கு வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை என்று அதோடு விட்டுவிடுவோம். இந்த இரண்டு வாழ்க்கைகளிலும் துணிவு அப்படிப் பிறவியில் வந்ததாகத் தெரியவில்லை. செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விடாததிலிருந்து வந்திருக்கிறது.

சிபில் மேடான் டேலி 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில், ஒரு யூரேசியக் குடும்பத்தில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கண்டனீஸ் மொழியைச் சீனர்களைப் போலவே பேசுவார். 1919-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் கோவிலில், தைப்பிங்கில் பிறந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். ஆறுமுகம் கணபதிப்பிள்ளையாகப் பிறந்த அந்த இந்து மாப்பிள்ளைக்கு அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று பெயர் மாறியது. 1926-இல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக் திறந்தார்கள். பிரசவம், காய்ச்சல், புண் என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடின.

1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான்காரன் ஈப்போவுக்குள் நுழைந்தான். குடும்பம் பக்கத்து ஈயச் சுரங்கச் சிற்றூரான பாப்பானுக்குப் போய், பெரிய தெருவில் 74-ஆம் எண் கடைவீட்டில் குடியேறியது. அங்கேயும் நோயாளிகள் வந்தார்கள். பகலில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். இரவில் காட்டிலிருந்து, ஜப்பானிய எதிர்ப்புப் படையைச் சேர்ந்த போராளிகள் பின்வாசல் வழியாக வந்தார்கள். உடம்பில் தோட்டா இருக்கும், காலில் புண் புரையோடியிருக்கும், மலேரியா நடுக்கும். சிபில் தோட்டாவை எடுத்தார், கட்டுப்போட்டார், மருந்து கொடுத்தனுப்பினார். படிக்கட்டின் அடியில் ஒரு குழியில் வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார்கள். அதற்கு ‘ஜோசபின்’ என்று பெயர். பிபிசி செய்தி கேட்டதற்கே தலை போகும் காலம் அது. கேட்ட செய்தியை வந்துபோகும் போராளிகளிடம் சொல்லியும் அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் போராளிகள் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் இருந்தவர்கள். சிபிலோ அசையாத பக்தி கொண்ட கத்தோலிக்கர். அந்தக் காலத்துத் திருச்சபை கம்யூனிசத்தை எப்படிப் பார்த்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. 1937-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அதைக் கண்டித்துச் சுற்றுமடலே எழுதியிருந்தார். பின்வாசலில் நின்றவனின் கொள்கையைச் சிபில் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. காயத்தைப் பார்த்தார். நல்ல சமாரியன் கதையைச் சிறுபிள்ளை முதல் கேட்டு வளர்ந்த பெண். சாலையோரம் கிடந்தவனிடம் சமாரியன் மதம் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும். அவர் அதை இரவில் கதவு தட்டப்பட்டபோது நடத்திக் காட்டினார்.

1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாய் பிடித்தது. கணவரையும் அவரையும் கொண்டுபோனார்கள். ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் நடந்ததை விரிவாக எழுத எனக்கு மனமில்லை. தண்ணீரை வயிற்றில் புகட்டி மிதித்தார்கள். இரும்புக் கம்பியால் கால்களில் அடித்தார்கள். முதுகெலும்பு பழுதானது. பிறகு ஒருநாள், இளைய மகள் டானை அவர் கண்முன்னே கொண்டுவந்தார்கள். 1936-இல் பிறந்த பிள்ளை. மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினார்கள். சொல்ல வேண்டாம் அம்மா என்று அந்தக் குழந்தையே கத்தியதாகச் சிபில் பின்னாளில் எழுதியிருக்கிறார். கடைசி நேரத்தில் மேலதிகாரி ஒருவர் வந்து தடுத்ததால் பிள்ளை உயிரோடு இறங்கினாள்.

இந்த இடத்தைத் தாண்டிப் போவது எனக்கு எளிதாக இல்லை. தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கத் தாய்க்கு உரிமை உண்டா? கத்தோலிக்கர் வாசிக்கும் விவிலியத்தில், மக்கபேயர் இரண்டாம் நூலில், ஏழு மகன்களையும் ஒரே நாளில் கொலைக்குக் கொடுத்துவிட்டு உறுதியோடு நின்ற தாய் ஒருத்தி வருகிறாள். அந்தப் பகுதி கோவிலில் வாசிக்கப்படும்போது நாம் அமைதியாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். சிபிலின் கதையை அறிந்த பிறகு என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. அவர் வாய் திறந்திருந்தால் பாப்பானில் எத்தனையோ வீடுகளில் வேறு தாய்மார்களின் பிள்ளைகள் செத்திருப்பார்கள். தன் பிள்ளையையும் ஊரார் பிள்ளைகளையும் ஒரே கணத்தில் எடைபோடும் நிலையில் ஒரு தாயை நிறுத்தியவர்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவர் எடுத்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த முடிவு அவரை வாழ்நாள் முழுதும் அறுத்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

ஐரின் பெர்னாண்டஸ் 1946 ஏப்ரல் 18-ஆம் தேதி சுங்கை பட்டாணியில் பிறந்தார். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். ரப்பர்த் தோட்டச் சூழல். ஆசிரியையாக வேலையில் சேர்ந்து, இருபதுகளிலேயே அதை உதறிவிட்டு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்துக்கு முழுநேர ஊழியராகப் போனார். பெல்ஜியத்துக் குருவானவர் ஜோசப் கார்டைன் தொடங்கிய இயக்கம் அது. பார், தீர்ப்பிடு, செயல்படு என்பது அதன் பயிற்சி. தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நற்செய்தியின் வெளிச்சத்தில் அது சரியா தவறா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு சும்மா இருக்கக்கூடாது. மூன்றாவது படிதான் எப்போதும் கழன்றுவிடும். ஐரினிடம் அது கழலவில்லை. தாராள வாணிப வட்டாரத் தொழிற்சாலைப் பெண்களைத் திரட்டினார். குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் கேட்டுப் போராடிய பெண்களோடு நின்றார். அந்தச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. 1991-இல், பெண்கள், தொழிலாளர்கள் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார்.

தமிழர்கள் அவரை மறக்கக்கூடாததற்கு ஒரு காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகில் மருந்துத் தொட்டி, ஒரு கையில் பம்ப், மறு கையில் குழாய், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. காற்று திரும்பினால் மருந்து முகத்தில். தொட்டி ஒழுகினால் முதுகில். அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கருத்து உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, தோலில் புண் வந்தது. தோட்டத்து டிரெஸ்ஸர் ஒரு களிம்பைக் கொடுத்து மறுநாளே வேலைக்கு அனுப்பிவிடுவார். தெனாகனித்தா அந்தப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்குத் தடை வேண்டும் என்று நாடு நாடாகக் கத்தியது. 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்த்தப்பட்டது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஐரின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது வேறு விஷயம். அந்நியத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றித் தகவல் திரட்டப்போன இடத்தில், தடுப்பு முகாம்களில் இருந்து வந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். அடி, பசி, தாகம், பெரிபெரி, மரணம். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதை வைத்து 1995-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். செமினி முகாமில் 59 பேர் இறந்ததாக ஒரு நாளேட்டின் செய்தியாளர்கள் தோண்டி எடுத்திருந்தார்கள். அந்த நாளேடு அச்சிடத் துணியாததால் அந்தத் தகவலும் அவரிடம் வந்திருந்தது. முகாம்களில் மரணம் நேர்ந்ததை அரசும் பிறகு ஒப்புக்கொண்டது. ஆனாலும் 1996 மார்ச்சில் ஐரின் கைதானார். பொய்ச் செய்தியைத் தீய நோக்கத்தோடு வெளியிட்டார் என்று அச்சகச் சட்டத்தின்கீழ் குற்றச்சாட்டு. ஏழு ஆண்டுகள் விசாரணை. 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீடு செய்து வெளியில் இருந்தார். ஆனால் தண்டனை பெற்றவர் என்பதால் 2004 தேர்தலில் நிற்க முடியவில்லை. வழக்குப் பதிவேடுகள் முழுமையாக இல்லாத குளறுபடியில் மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போனது. 2008 நவம்பர் 24-ஆம் தேதி உயர்நீதிமன்றம் விடுவித்தது. அறிக்கை எழுதியபோது நாற்பதுகளில் இருந்தவருக்கு அப்போது வயது 62.

இப்போது இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

உடல் வேதனையில் சிபில் பட்டதற்கு ஈடாக ஐரின் பட்டதை யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. துன்பத்தின் அளவை விட்டுவிட்டு, அவர்கள் யாருக்காக அதை ஏற்றார்கள் என்று கேட்டால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். சிபிலிடம் வந்த போராளிகளில் பெரும்பாலோர் சீனர்கள், கிறிஸ்தவர்கள் அல்லர். ஐரின் பேசியதில் பெரும்பங்கு வங்காளதேசத்து, இந்தோனேசிய முஸ்லிம்களுக்காக. தன் சபைக்காரருக்கு, தன் இனத்தாருக்குச் செய்வது இயல்பு. இவர்கள் இருவரும் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்த்தான் தங்கள் விசுவாசத்தைச் சோதித்துக்கொண்டார்கள். கடைசித் தீர்வையைப் பற்றி மத்தேயு எழுதியதில் பசித்தவர், அந்நியர், நோயுற்றவர், சிறைப்பட்டவர் என்று ஒரு வரிசை வருகிறது. சிபில் நோயுற்றவரிடம் தொடங்கிச் சிறைக்குப் போனார். ஐரின் அந்நியரிடம் தொடங்கிச் சிறைவாசல் வரை போனார்.

மௌனமும் பேச்சும் எதிரெதிர் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே இங்கு எளியவனின் உயிரைக் காக்கும் கருவி. காட்டில் இருந்தவனுக்கு ஆபத்து, அவன் பெயர் வெளியே வருவதில் இருந்தது. ஆகவே சிபில் பெயரை விழுங்கினார். முகாமில் இருந்தவனுக்கு ஆபத்து, அவன் இருப்பதே வெளியே தெரியாததில் இருந்தது. ஆகவே ஐரின் ஊரறியச் சொன்னார். எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பதற்கு விதி எழுதி வைக்க முடியாது. யாருடைய உயிர் எதில் தொங்குகிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: அடுத்தவன் பெயர் கெடும் இடத்தில் பேசுகிறோம், அடுத்தவன் உயிர் போகும் இடத்தில் விவேகம் என்று சொல்லி மௌனமாகிறோம்.

மிகப் பெரிய வேறுபாடு எதிரே நின்றது யார் என்பதில் இருக்கிறது. சிபிலை அடித்தது அந்நியப் படை. அது தோற்று ஓடிய நாளில் அவர் வீராங்கனையானார். 1945-இல் சிறையிலிருந்து வெளிவந்தவரைச் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1947-இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் கையால் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். உடல் தேறவில்லை. பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயம் விஷமேறி, 1948 ஜூன் 12-ஆம் தேதி உயிர் பிரிந்தது. ஸ்காட்லாந்தின் லனார்க்கில் அடக்கம் செய்யப்பட்ட உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து புனித மைக்கேல் கோவில் கல்லறையில் வைத்தார்கள். அவர் இறந்த நான்காம் நாள் சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் கையால் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். பேராக்கின் சில பகுதிகளிலும் நம் ஜொகூரின் சில பகுதிகளிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் நாடு முழுதும் பரவியது. அவர் தோட்டா எடுத்துப் பிழைக்கவைத்த கைகளில் சில மறுபடியும் துப்பாக்கி ஏந்தியிருக்கக்கூடும், இந்தமுறை அவருக்குப் பதக்கம் கொடுத்த அரசுக்கு எதிராக. சற்று முன்பே போய்விட்டதால் அந்தக் குழப்பத்தை அவர் பார்க்க நேரவில்லை.

ஐரினுக்கு எதிரே நின்றது சொந்த நாட்டு அரசு. சொந்த மக்களிலேயே பலர் அவர் நாட்டின் பெயரைக் கெடுப்பதாகப் பேசினார்கள். 2012-இல் இந்தோனேசிய நாளேடு ஒன்றிடம், மலேசியா அந்நியத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான நாடு அல்ல என்று சொன்னதற்காகப் போலீஸ் மறுபடியும் விசாரித்தது. அப்போது அவருக்கு 66 வயது. அவருக்குக் கிடைத்த பெரிய விருது 2005-இல் சுவீடனில் இருந்து வந்தது. சிபிலின் எதிரி தோற்றான். ஐரினுக்கு எதிராக நின்றவர்கள் தோற்கவே இல்லை, வழக்கு மட்டும் ஒருநாள் முடிந்தது. வெற்றி விழா இல்லாத துணிவு அது. 2014 மார்ச் 31-ஆம் தேதி இதயம் செயலிழந்து போனார்.

  

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. சிபிலைக் கொண்டாட நாம் தயங்குவதில்லை. ஈப்போவில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. பாப்பான் வீட்டைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள். 2010-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அவரைக் கொண்டாடுவதால் இன்று யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. ஐரினைக் கொண்டாடினால் சங்கடம் வரும், ஏனென்றால் அவர் பேசிய முகாம் இன்னும் இருக்கிறது. ஜொகூரில் இருப்பவர்களுக்கு இது புத்தகச் செய்தி அல்ல. ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் வழியில் பெக்கான் நானாஸ் வருகிறது. சாலையோரம் அன்னாசிப் பழக் கடைகள், மண்வாசனை. குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமும் அதே ஊரில்தான். பழம் வாங்க வண்டியை நிறுத்துகிறோம், முகாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறோம். பாசிர் கூடாங்கிலும் தெப்ராவிலும் தொழிற்சாலை வேலை, மூவாரில் நாற்காலி மேசைப் பட்டறை வேலை, குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்ட வேலை: நேபாளியும் வங்காளதேசியும் இந்தோனேசியரும் இல்லாவிட்டால் ஜொகூர் நின்றுபோகும். இங்கேயே உதிரிபாகம் செய்து கொடுத்த ஒரு பெரிய நிறுவனத்தோடு, தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்களுக்குப் பிறகு, 2021 நவம்பரில் வீட்டுச் சாதன நிறுவனமான டைசன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டது பக்கத்துக் கோவிலில் இருந்த நமக்குக் கேட்டிருக்க வேண்டாமா?

நம் பாட்டன்களும் கப்பலில் வந்து, கங்காணியிடம் கடன்பட்டு, லயத்துச் சிறு அறையில் முடங்கியவர்கள்தான். ஜப்பான்காரன் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் தமிழர்களைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள்; போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. இதையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கண்கலங்குகிற நாம், இன்று அதே அறையில் முடங்குகிறவனைக் கண்டு ‘பங்களா’ என்று முகம் திருப்புகிறோம். இதை நான் வேதனையோடுதான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் இன்று நம் கதவைத் தட்டப்போவதில்லை. ஆகவே சிபிலின் துணிவு நமக்குத் தேவைப்படாமலே போகலாம்; ஐரினின் துணிவு நாளைக் காலையே தேவைப்படும். என்னைக் கேட்டால், இன்றைய ஜொகூர்க் கிறிஸ்தவனுக்கு ஐரினே நெருங்கிய வழிகாட்டி, பின்பற்றக் கடினமான வழிகாட்டியும் அவரே. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தின் பங்குகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்ச் 31-ஐ ஒட்டிய ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் ஐரின் பெர்னாண்டஸ் பெயரைச் சொல்லுங்கள். பூசை முடிந்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பும் வெளிநாட்டுத் தொழிலாளியைத் தேநீருக்கு அழையுங்கள். அவருடைய கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். முதலாளி கையில் என்று சொன்னால், அப்படி வாங்கி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம் என்று அவருக்குச் சொல்லுங்கள். அந்த முதலாளி உங்கள் பக்கத்துப் பெஞ்சில் இருந்தால், அவரிடமும் சொல்லுங்கள்.